இடது பக்கம் பேச்சு, வலது பக்கம் பாட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பேச வராது. ஊமை இல்லை. நாலு பேர் எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியது மொத்தம் ஒரே வார்த்தை, "தண்ணி". அதையும் அவருடைய அண்ணன்தான் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "ஊமைக் கோட்டானுக்கு என்னைக் கட்டி வைக்கப் பாக்குறீங்களே" என்று அக்கா அழுதாள். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தெட்டு வயதில் வீட்டிலேயே இணைய வானொலி தொடங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? நானே முதலில் நம்பவில்லை.

அந்த அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அண்ணனும் தம்பியுமாக முப்பது வருஷம் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தார்கள். துணிக்கடைத் தள்ளுபடி, பள்ளிக்கூட ஆண்டுவிழா, வண்டியில் கட்டி ஊரெல்லாம் ஓடும் விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் பெரியத்தான்தான் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அத்தான். ஒருவருக்கு வாய், இன்னொருவருக்குக் கை. கடவுள் ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான் என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கடைக்கு ஒரு விதி இருந்தது. பெரியத்தான் போட்ட விதி அது. பேச்சை இடது தடத்தில் பதிய வேண்டும், பாட்டை வலது தடத்தில். துணிக்கடைக்காரர் நாளைக்கே வந்து "முப்பது சதவீதம் இல்லை, நாற்பது" என்பார். அப்போது பாட்டைத் தொடாமல் பேச்சை மட்டும் அழித்துத் திரும்பப் பேசலாம். எல்லாம் சரியான பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்து கடைசிப் பிரதி எடுப்பார்கள். அந்தக் கடைசி வேலையைப் பெரியத்தான் வேறு யாரிடமும் விடமாட்டார். அத்தானின் வேலை பிரித்து வைப்பதோடு முடிந்துவிடும்.

கடையை மூடி ஆறேழு வருஷம் ஆகியிருக்கும், பெரியத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்தன. கூடவே பேச்சும் போயிற்று. முப்பது வருஷம் ஊரைக் கூட்டிய குரல், இப்போது "ஆ" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. எழுத்தும் மறந்துபோயிற்று. பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான் இடம் கிடைத்தது. அத்தான் மாதம் ஒரு தடவை போவார். போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வருவார்.

"என்னத்தான் பேசுனீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் வந்துச்சு, மச்சான்."

அவருக்குச் சொல்ல வேறொன்று இருந்தது. எனக்கு அது ஒருநாள் மிக்ஸர் வாங்கப் போன வழியில்தான் தெரிந்தது.

பெரியத்தானின் மனைவி உயிரோடிருந்தபோது, புது மைக் ஒன்றைச் சோதிக்க அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். நடுநடுவே கணவனுக்கு வசவு. "சோப்பு வாங்கச் சொன்னா மட்டும் மறந்துருவீங்க, சீட்டு விளையாட மறக்க மாட்டீங்க." மொத்தம் ஏழு நிமிஷம். அவள் போன பிறகு அவள் குரல் என்று மிஞ்சியது அந்த ஒரு கேசட்தான். பெரியத்தான் தினமும் கடை அடைக்கும் முன் அதைப் போட்டுக் கேட்பாராம். சோப்பு வரும் இடத்தில் சிரிப்பாராம்.

ஒருநாள் கடையில் ஒரே நெருக்கடி. செருப்புக் கடைக்காரர் தலைமேல் நிற்கிறார். அத்தான் கைக்குக் கிடைத்த, பெயர் எழுதாத ஒரு கேசட்டை எடுத்து மாட்டிவிட்டார். செருப்புக் கடை விளம்பரம் அண்ணியின் மேல் பதிவாகிவிட்டது. சாயந்திரம் பெரியத்தான் கேசட்டைத் தேடினார். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான் பாக்கலண்ணே. நீங்கதான் எங்கயாவது வச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டார். பேசவே வராத மனிதருக்கு அந்தப் பொய் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்திருக்கிறது பாருங்கள்.

பெரியத்தான் பதினோரு வருஷம் தேடினார். அலமாரியைக் கவிழ்த்துத் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார், வீடு மாறும்போது பழைய வீட்டுப் பரணில் ஏறித் தேடினார். "என் கையாலேயே தொலைச்சுட்டேனேடா" என்று தம்பியிடமே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்.

"அவரு போறதுக்குள்ள சொல்லிரணும், மச்சான்" என்றார் அத்தான். "நேர்ல வாய் வரல. போன் பண்ணா, நர்ஸம்மா அவரு காதுல போனை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்குறாங்க. மைக் முன்னாடி தனியா உக்காந்தா சொல்லிருவேன்னு தோணுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருஷம் ஒரு மனிதனைப் பரணில் ஏற விட்டுவிட்டு இப்போது மைக் வேண்டுமாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு திட்டவும் மனம் வரவில்லை.

வீட்டின் பின்னறை வானொலி நிலையம் ஆனது. பழைய மிக்ஸர், எட்டு வழி. ஒவ்வொரு வழிக்கும் வரிசையாகக் குமிழ்கள், கீழே ஏற்றி இறக்கும் நெம்பு. முதல் வழியில் மைக், அதற்கு அடுத்ததில் பாட்டு. அங்கிருந்து கம்பி கணினிக்குப் போகும், கணினியிலிருந்து உலகத்துக்கு. ஜன்னலில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தார். தினமும் காலை பத்திலிருந்து பதினொன்றுவரை நிகழ்ச்சி. அந்த நேரத்தில் அக்கா மிக்ஸி போடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்ம வேண்டும்.

"இந்த வீட்டுல நான் குடியிருக்கேனா, ஒளிஞ்சிருக்கேனா?" என்று அக்கா கேட்பாள். கேட்டுவிட்டு, சமையலறையில் செல்போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து முழு நிகழ்ச்சியையும் கேட்பாள்.

கேட்பவர் எண்ணிக்கையைக் கணினித் திரை காட்டும். பெரும்பாலும் நான்கு. ஒன்று அக்கா, ஒன்று நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஓடும் என் போன், ஒன்று இல்லம். நான்காவது யாரென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "உங்க ரசிகர் மன்றத் தலைவர்" என்பேன். அத்தான் அசடு வழியச் சிரிப்பார்.

இல்லத்துக்கு ஒரு செல்போனும், கம்பியில்லாத காதொலிப்பான் ஒரு ஜோடியும் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த வார்டில் எதையும் சத்தமாக வைக்கக் கூடாது. நான் போனபோது பெரியத்தானின் இடது பக்கக் கட்டிலில் ஒரு கண்டக்டர் படுத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்தவர். படுக்கையிலிருந்தே வார்டு முழுக்க அதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போகும் அளவுக்குத்தான் இடம். நான் ஒரு பாட்டைப் போட்டுச் சோதித்ததைக் குழந்தை மிட்டாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கெல்லாம் யாரு இருக்கா, கொண்டாந்து குடுக்க?" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நர்ஸம்மாவிடம் சொன்னேன். "தினமும் பத்து மணிக்கு இவருக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு வச்சு விடுங்க. கேக்க ஒரு காது போதாதா?" பெரியத்தானின் வலது காதில் வலது துண்டை நானே வைத்தேன். இடது துண்டு கண்டக்டருக்குப் போயிற்று. நல்ல காரியம் செய்த நிறைவோடு பஸ் ஏறினேன். அந்த நிறைவை இன்றைக்கு நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தான் பேசத் தொடங்கினார். முதல் வாரம் நேரம் சொன்னார், பாட்டின் பெயர் சொன்னார். அப்புறம் தெருவில் தோண்டிய பள்ளத்தைப் பற்றிச் சொன்னார், அக்காவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். சமையலறையிலிருந்து "என் முட்டியை எதுக்குங்க ஊருக்குக் காட்டுறீங்க" என்று ஒரு குரல் வரும். மெல்ல மெல்லப் பழைய கடையைப் பற்றிப் பேசலானார். அண்ணன் ஒரே மூச்சில் முப்பத்திரண்டு கடைப் பெயர் சொன்னது, ஆண்டுவிழா நடுவே மின்சாரம் போனபோது மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கப் பேசியது. அவர் இவ்வளவு பேசுவார் என்று இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்திய அக்காவுக்கே தெரியாது. ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது. மாதாமாதம் போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வருவதும் நிற்கவில்லை. இவர் போய்ச் சேரும் சாயந்திர வேளையில் கண்டக்டரைக் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு நாளாவது அந்த ஆள் படுக்கையில் இருந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மருந்துக் கடையில் ஒரு கிழவருக்குச் சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் அத்தானின் குரல் திடீரென்று நின்றது. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அண்ணே" என்றார். "அண்ணி கேசட்டை நீங்க தொலைக்கல. நான்தான் அழிச்சேன். செருப்புக் கடை விளம்பரத்தை அது மேல பதிஞ்சுட்டேன். தெரியாமதான் பண்ணேன். ஆனா தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். பதினோரு வருஷம் உங்களத் தேட விட்டேன். நீங்க ஏணில ஏறுனப்போ நான்தான் கீழ பிடிச்சிக்கிட்டு நின்னேன். என்ன மன்னிச்சிருங்கண்ணே."

பிறகு அண்ணிக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். நான் மாத்திரையைத் தப்பாக எண்ணிவிட்டேன். கிழவர்தான் திருத்தினார்.

பதினொன்றரைக்கு இல்லத்திலிருந்து அத்தானுக்குப் போன் வந்தது. நர்ஸம்மா. "இன்னைக்கு ரேடியோ கேட்டுக்கிட்டே அழுதுட்டாருங்க உங்க அண்ணன். இடது கைய நீட்டி நீட்டி என்னமோ கேட்டாரு. என்னன்னு புரியல. கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அத்தான் அன்றைக்குச் சாயந்திரம் என் கடைக்கே வந்துவிட்டார். நடையே மாறியிருந்தது. "கேட்டுட்டாரு, மச்சான். எனக்குக் கைய நீட்டியிருக்காரு" என்றார். பத்து முறையாவது சொல்லியிருப்பார். கடையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடமும் சொன்னார். பேச வராத மனிதர்!

அந்தச் சந்தோஷம் பத்தொன்பது நாள். அடுத்த வாரம் நேரில் போவதாக இருந்தார். அதற்குள் இரண்டாவது பக்கவாதம் வந்து பெரியத்தானைக் கொண்டுபோய்விட்டது.

எல்லாம் முடிந்து நான்கு நாள் கழித்து, அவருடைய சாமான்களை எடுத்துவர நானும் அத்தானும் போனோம். அத்தான் அழுதாரே தவிர உடைந்துபோகவில்லை. "கேட்டுட்டுத்தான் போனாரு" என்று பஸ்ஸில் இரண்டு முறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

வார்டில் பெரியத்தானின் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அத்தான் நர்ஸம்மாவிடம் ஏதோ கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் அடுத்த கட்டிலில் கண்டக்டர் தலையைத் தூக்கினார்.

"நீங்கதானே அந்த ரேடியோக்காரரு?" என்றார். "கேசட்டை அழிச்சவரு?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் மட்டும் தலையாட்டினார். அவருக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. இங்கே எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, அப்படியானால் அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது என்றுதான் முகம் சொன்னது.

"நல்லாதான்யா பேசுறீங்க" என்றார் கண்டக்டர். "ஒரே ஒரு குறை. 'அடுத்ததா ஒரு இனிமையான பாட்டு'ம்பீங்க. பாட்டு வராது. அஞ்சு நிமிஷம் சும்மா கெடக்கும். அப்புறம் வந்து 'எப்படி இருந்துச்சு பாட்டு'ன்னு வேற கேப்பீங்க. எங்கய்யா பாட்டுன்னு நான் இங்கேர்ந்து கத்துவேன். பாட்டே போடாம ஒரு ரேடியோவ நான் எங்கயும் பாத்ததில்ல."

நான் சிரித்துவிட்டேன். ஆள் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

"ஒரு பாட்டுகூடவா கேக்கல?"

"ஒண்ணுகூட இல்ல. வெறும் பேச்சுதான்."

"எந்தக் காதுல வச்சிருந்தீங்க?"

கண்டக்டர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணனுக்கு எது?"

"வலது" என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

அத்தான் சுருட்டி வைத்த மெத்தைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் நிறுத்தவில்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும். "உங்கண்ணன் லேசுப்பட்ட ஆளில்ல. தினமும் பத்து மணியானா போதும், தன் காதுல இருக்குறத எடுத்து என்கிட்ட நீட்டுவாரு. அந்த இடது கையாலயே என் காதுல இருக்குறதப் பிடுங்க வருவாரு. அதான் உங்களுக்கு ஒண்ணு இருக்கே, எதுக்கு என்னுதுக்கு ஆசைப்படுறீங்கன்னு கைய தட்டிவிட்டுருவேன். அன்னைக்கு நீங்க கேசட் கதை சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ரொம்பப் பண்ணாரு. அழுதுகூடப் பாத்தாரு. நான் குடுக்கல. கதை நல்லா இருந்துச்சு, பாதியில எப்படிய்யா குடுக்குறது?"

திரும்பும் பஸ்ஸில் அத்தான் எனக்கு விளக்கினார். மிக்ஸரில் ஒவ்வொரு வழிக்கும் ஒலியை இடதுக்கோ வலதுக்கோ தள்ளும் குமிழ் உண்டு. நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் கேட்கும். முதல் நாளே மைக் குமிழை முழுக்க இடதுக்கும், பாட்டுக் குமிழை முழுக்க வலதுக்கும் திருகியிருக்கிறார். யோசித்துச் செய்யவில்லை. முப்பது வருஷம் கை செய்த வேலை. இரண்டையும் கலக்கும் கடைசி வேலை ஒன்று உண்டே, அது அவர் கைக்குத் தெரியாது. அது அண்ணனுடையது. இவர் தலையில் மாட்டிக் கேட்கும் ஒலிப்பானில் பேச்சு இந்தக் காதிலும் பாட்டு அந்தக் காதிலும் வந்திருக்கும்தான். கடையில் எப்போதும் அப்படித்தானே வரும் என்று இருந்துவிட்டார். அக்காவும் நானும் போனின் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்டவர்கள். அதில் இரண்டும் ஒன்றாகிவிடும். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு, மச்சான்" என்றார் அத்தான். "முதல் நாளே தெரிஞ்சிருக்கும். வலது பக்கம் பாட்டு மட்டும் வந்தா, இடது பக்கம் பேச்சு இருக்கும்னு. அவரு போட்ட விதிதானே. எட்டு மாசமா தம்பி என்னமோ பேசுறான், பக்கத்துக் கட்டில்காரன் காதுல பேசுறான்னு தெரிஞ்சும் கேக்க முடியாமக் கெடந்திருக்காரு. கேசட்டத் தேடுன மாதிரியே இதையும் தேடியிருக்காரு."

ஒரு காது போதாதா என்று கேட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பேச வராத வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது போலிருந்தது. பிறகு ஒருநாள் சொன்னேன். "விடு, மச்சான்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியத்தானின் சாமான் என்று ஒரு பை வந்தது. சட்டை, மூக்குக் கண்ணாடி, அப்புறம் ஒரு சுருக்குப் பையில் நாலைந்து பழைய கேசட்டுகள். பெயர் எழுதாதவை. எல்லாவற்றையும் அத்தான் போட்டுக் கேட்டார். ஒன்றிலும் அண்ணி இல்லை.

அந்தச் செல்போனையும் காதொலிப்பான் ஜோடியையும் கண்டக்டருக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஒரு மாதம் கழித்து அவர் எங்கிருந்தோ எண்ணைப் பிடித்துப் போன் செய்தார். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். நானும் அக்காவும் கூட இருந்தோம்.

"என்னய்யா, இப்ப பாட்டா வருது, ரெண்டு காதுலயும் வருது. ஆனா பேச்சையே காணோமே? மிஷின் ரிப்பேரா?"

"இல்லீங்க. மிஷின் இப்பதான் சரியா இருக்கு" என்றார் அத்தான்.

உண்மைதான். இன்றைக்கும் பத்து மணியானால் அந்த அறையில் போய் உட்காருகிறார். அக்கா மிக்ஸி போடுவதில்லை. மைக் குமிழ் சரியாக நடுவில் நிற்கிறது, நெம்பு ஏறியிருக்கிறது, மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உன்னிப்பாகக் கேட்டால் அவர் மூச்சுவிடுவது இரண்டு காதிலும் கேட்கும்.